பெண்களின் பெயர்களும் ஏட்டில் ஏறட்டும்

நம் ஊர்களில் பள்ளிவாசலுக்கோ மதரஸாவுக்கோ ஆண்டு விழா வந்தால் சிறப்பு மலர் வெளியிடுவது வழக்கம். இமாம்கள், முத்தவல்லிகள், நன்கொடையாளர்கள் என ஆண்களின் பெயர்கள் அதில் வரிசையாக இடம்பெறும். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் குர்ஆன் ஓதிக்கொடுத்த பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் இருப்பதில்லை. பெண்களின் பெயரை வெளியிடாதிருப்பதே பேணுதல் என்று கருதுவோரும் நம்மிடையே உளர்.

நம் முன்னோரான அறிஞர்கள் அவ்வாறு கருதவில்லை. ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஅத் (ரஹ்) தம் 'தபகாத்' நூலின் ஒரு பகுதி முழுவதையும் பெண்களுக்கென்றே ஒதுக்கினார். ஹிஜ்ரி ஒன்பதாம் நூற்றாண்டு மக்களின் வரலாற்றைப் 12 தொகுதிகளில் எழுதிய இமாம் ஸகாவீ (ரஹ்), இறுதித் தொகுதியில் 1,075 பெண்களைப் பதிவு செய்தார். அவர்களுள் ஹதீஸ் கற்பித்தோர் பலர். கல்வியால் புகழ்பெறாத பெண்களின் திருமணம், மணவிலக்கு முதலிய செய்திகளையும் அவர் விடவில்லை. பேணுதலை நம்மைவிட நன்கறிந்த அவர்கள், பெண்களைத் தந்தையர் பெயரோடும் குலத்தோடும் குறிப்பிட்டே எழுதினர்.

நம் காலத்தில் ஜோன்பூரில் பிறந்த அறிஞர் முஹம்மத் அக்ரம் நத்வி, ஹதீஸ் துறைப் பெண்கள் ஏறத்தாழ 10,000 பேரின் வரலாற்றை அரபு மொழியில் தொகுத்தார். அந்நூல் 2021இல் 43 தொகுதிகளாக வெளிவந்தது. பழைய ஏடுகளில் ஒரு வரியேனும் எழுதி வைக்கப்பட்டிருந்ததாலன்றோ இத்தொகுப்பு இயன்றது!

தமிழகத்திலும் பெண்கள் எழுதியே வந்துள்ளனர். கீழக்கரை ஆசியா உம்மா ஞானப் பாடல்கள் இயற்றினார். நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா கடமையா' என்னும் புதினம் 1938இல் வெளிவந்தது. எழுதியதால் இவர்களை அறிகிறோம். எழுதாமலே சமுதாயத்தைத் தாங்கியவர்களை யார் அறிவார்? நள்ளிரவிலும் பிள்ளைப்பேறு பார்க்கச் சென்ற மருத்துவச்சி, பெண் மையித்துகளைக் குளிப்பாட்டிக் கஃபனிட்ட மூதாட்டி, கைம்பெண்ணின் வீட்டுக்கு அரிசி சேர்த்தனுப்பிய அண்டை வீட்டுப் பெண்கள் ஆகியோரை நம் பிள்ளைகள் எந்த நூலில் படிப்பார்கள்?

அவர்கள் புகழை நாடிச் செய்யவில்லை என்பது உண்மையே. அவர்களின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. ஆயினும் பதிவு அவர்களுக்குத் தேவைப்படுவதன்று, நமக்கே தேவை. தாயும் பாட்டியும் சமுதாயத்துக்குச் செய்ததை அறியாது வளரும் மகள், மார்க்கத்தில் தனக்கு இடமில்லை என்று பிறர் கூறுவதை எளிதில் நம்பிவிடுவாள்.

ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு தொடங்குவோம். உம்மம்மாவிடம் அமர்ந்து, அவருக்கு ஓதிக்கொடுத்தவர் யார், எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள் ஓதினர் என்று கேட்டு எழுதுவோம். அடுத்த ஆண்டு மலரில் அதற்குச் சில பக்கங்களை ஜமாஅத்தார் ஒதுக்கட்டும். முதியவர் ஒருவர் மறையும்போது அவர் அறிந்த பெயர்களும் உடன் மறைகின்றன. அதற்கு முன்பே எழுதிவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.