புது கேமரா லென்ஸில் குறை இருக்கா? ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள கண்டுபிடிப்பது எப்படி?

2023 ஜூலையில் சமூக வலைதளங்களில் சுற்றிய செய்தி நினைவிருக்கா? ஆன்லைனில் சுமார் 90 ஆயிரம் ரூபாய்க்கு சிக்மா லென்ஸ் ஆர்டர் செய்தவருக்கு, பெட்டிக்குள் வந்தது ஒரு பாக்கெட் கீன்வா விதை. விதை வந்தா பிரிச்ச உடனே தெரிஞ்சிடும். லென்ஸே வந்து, அதுக்குள்ள ஒரு கண்ணாடி மட்டும் லேசா சாய்ஞ்சிருந்தா? கல்யாண ஆல்பம் போடும்போதுதான் தெரியும். தாலி கட்டுற நிமிஷத்தை மறுபடி எடுக்க முடியாதே!

சேத்தியாத்தோப்பு மாதிரி ஊரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். சென்னைக் கடையில் மாற்றணும்னா 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம், ஒரு நாள் பிழைப்பு போச்சு. பக்கத்து விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பீங்கான் கோப்பையைச் சுண்டினால் சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடிக்கலாம். லென்ஸை அப்படிச் சுண்டிப் பார்க்க முடியாது.

பெட்டியைப் பிரிக்கும்போது...

கூரியர் லேபிள் தெரியும்படி, வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவாக எடுங்க. லென்ஸில் இருக்கும் சீரியல் நம்பர் பெட்டியிலும் பில்லிலும் அதேதானா? வாரண்டி இந்தியாவுக்கு உண்டா? விலை ரொம்பக் குறைவா இருந்தா இந்தக் கேள்வியை ரெண்டு தடவை கேளுங்க.

அடுத்து செல்போன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து, மறுபக்கம் பாருங்க. ஒன்றிரண்டு தூசி இருந்தால் பதற வேண்டாம், புது லென்ஸிலும் இருக்கும். படத்தில் தெரியாது. ஆனால் கீறல், சிலந்தி வலை மாதிரி பூஞ்சை, அபெர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இதெல்லாம் இருந்தா அது ஏற்கெனவே யாரோ பயன்படுத்திய பீஸாக இருக்கலாம். கேமராவை ஆஃப் செய்து ஆட்டினால் சில லென்ஸ்களில் 'கடகட'னு சத்தம் வரும். அது பெரும்பாலும் ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பகுதியின் சத்தம். அதை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

நாலு மூலையையும் பாருங்க

உள்ளே இருக்கும் கண்ணாடிகளில் ஒன்று மையம் விலகியிருந்தால் படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும். டார்ச் அடித்தால் இது தெரியாது, படம் எடுத்துத்தான் பார்க்கணும். பலரும் செங்கல் சுவரைப் படம் எடுப்பாங்க. கேமரா கொஞ்சம் கோணலா நின்னாலும் அதில் ஏமாந்துடுவோம். தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகை போதும். டிரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசரை ஆஃப் செய்து, அபெர்ச்சரை முழுசாகத் திறங்க. எஃப் 8-ல் எடுத்தால் பல குறைகள் மறைஞ்சிடும். பலகையை நடுவில் வைத்து ஒருமுறை ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிக்கோங்க. பிறகு அதே பலகை நாலு மூலையிலும் வரும்படி நாலு படம் எடுங்க. ஜூம் லென்ஸ் என்றால் இரண்டு கோடியிலும்.

நாலு மூலையும் ஒரே அளவு மங்கல் என்றால் அது அந்த லென்ஸின் குணம். காசு கொடுத்து மாற்றினாலும் அப்படித்தான் வரும். ஒரு மூலை மட்டும் மங்கினால் அது குறை.

பெரிய கம்பெனிகளும் தப்பு செய்யும். 2005-ல் வந்த கேனான் 24-105 எல் லென்ஸின் முதல் தொகுதிகளில் ஃபிளேர் பிரச்னை இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டு சரிசெய்து கொடுத்தது.

கடைக்காரர் மறுத்தால்?

குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்கிறது 2020 மின்வணிக விதி. பில்லில் கெடு எதுவும் போடாத கடையாக இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம்.

"நீங்க ஸ்டூடியோவுக்கு வாங்கினது, அது வணிகம், நுகர்வோரே இல்லை"னு சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்ப்பாங்க. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கினால் நீங்களும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்லுது. லென்ஸை எங்கே வாங்கியிருந்தாலும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்கு முன் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்க, பல நேரம் அதிலேயே முடிஞ்சிடும்.

எடுத்த அந்த நாலு படங்களையும் எடிட் செய்யாமல் அப்படியே வைத்திருங்க. வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் தரம் குறைஞ்சிடும், மெயிலில் அனுப்புங்க.