பாட்டு வாத்தியாருக்குப் பாடம் எங்கே?

"இசையா? அது பிறப்பிலே வருவது, இரத்தத்தில் ஊறியது, சொல்லிக் கொடுத்து வருவதல்ல!" என்று பேசுவோர் இன்றும் இருக்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், தோழர்களே, சற்றே உரசிப் பாருங்கள். பிறப்பிலே உயர்வு, பிறப்பிலே தாழ்வு, பிறப்பிலே அறிவு என்று நம்மை நெடுங்காலம் ஏய்த்த அதே வருணப் பேச்சுத்தான், பட்டாடை உடுத்தி, தம்புரா ஏந்தி வருகிறது!

பிறப்பிலே வருவதென்றால், பள்ளிக்கூடத்தில் இசைக்கு ஆசிரியர் எதற்கு? அந்த ஆசிரியருக்குப் பயிற்சிதான் எதற்கு? அந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், பண்ணையாளின் பிள்ளைக்குப் பாட்டு எட்டாக்கனியாவதும் இயற்கை என்றாகிவிடும். நாம் ஒப்பவில்லை. கற்றால் எவர்க்கும் வரும் என்பது நம் கொள்கை. கற்றால் வருமென்றால், கற்பிப்பவர் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் அல்லவா?

இது புதுக் கருத்தும் அன்று. காவிரி கடலைத் தழுவும் பூம்புகாரில் மாதவி அரங்கேறுகிறாள். அரங்கேற்று காதையில் இளங்கோ அடிகள் ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என்று நிரல்பட நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று விரித்துரைக்கிறார். ஆசிரியனின் குலத்தைப் பேசவில்லை, தேர்ச்சியைப் பேசுகிறார்!

தஞ்சைத் தரணி இதைச் செய்தும் காட்டியது. 1859-இல் தென்காசிச் சீமையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, தஞ்சைக்குப் பள்ளி ஆசிரியராக வந்தவர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவத்தால் செல்வம் சேர்ந்தது. அந்தச் செல்வத்தைப் பூட்டி வைத்தாரா? இல்லை. 1912-இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தோற்றுவித்தார். தம் சொந்தச் செலவில் வித்துவான்களை வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். பாடிக்காட்டச் செய்தார்; சுருதிகள் எத்தனை என்று வாதிடச் செய்தார். 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் ஆராய்ச்சியை நிலைநாட்ட முனைந்தார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். அறிந்தவர்கள் கூடி அமர்ந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கற்கும் ஏற்பாடு அது. இன்று பணியிடைப் பயிற்சி என்கிறோமே, அதன் உயிர் இதுதான்!

இன்று நிலை என்ன? கீழ்நிலைத் தேர்வு, மேல்நிலைத் தேர்வு, தொழிலாசிரியர் சான்றிதழ் என்று படியேறி ஒருவர் பாட்டு வாத்தியாராகிறார். அதற்குப் பின் அவர் தனியாள். பக்கத்து ஊர்ப் பள்ளியில் இன்னொரு பாட்டு வாத்தியார் இருப்பதே அரிது.

அவர் கற்ற முறை வேறு. கற்பிக்க வேண்டிய முறை வேறு. குருவின் எதிரே தனியே அமர்ந்து, ஆண்டுக்கணக்கில் கற்றவர் அவர். பள்ளியிலோ, ஒரு மணி அடித்து மறுமணி அடிப்பதற்குள் நாற்பது பிள்ளைகளைப் பாட வைக்க வேண்டும்! ஆண் ஆசிரியர் தமக்கு இசைவாக ஒரு கட்டைச் சுருதியில் பாடுகிறார். பிள்ளைகளின் குரலுக்கு நாலரை, ஐந்து கட்டை வேண்டும். அவர் சுருதியிலேயே பாடச் சொன்னால், கீழே எட்டாமல் முனகும். மேலே போய்க் கத்தும். பதின்மூன்று பதினான்கு வயதில் பையனுக்குக் குரல் உடைகிறது. அது பருவத்தின் வேலை என்றறியாமல், "உனக்குப் பாட்டு வராது, உட்கார்!" என்றால், ஒரு பாடகன் அந்தப் பலகையிலேயே புதைக்கப்படுகிறான். குற்றம் வாத்தியாருடையதா? அவருக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்யாதவர்களுடையது!

ஊதியக் கதையையும் கேளுங்கள். 2012-இல் தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் முதலியவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாட்கள். தொகை பிறகு உயர்த்தப்பட்டது, உண்மை. ஆனால் 'பகுதி' என்று பெயரிட்டு அமர்த்தியவரிடம் முழுக்கலையை எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

உழவர் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். 1960-களில் ஆடுதுறை 27 நெல் குறுவைக்கு வந்தபோது, விதையை மட்டும் கொடுத்துவிட்டுச் சர்க்கார் ஒதுங்கிக்கொள்ளவில்லை. கிராம சேவக் வரப்புக்கே வந்தார்; நாற்றின் வயதையும் உரத்தின் அளவையும் எடுத்துச் சொன்னார். நெல்லுக்கு வரப்பிலே வந்து நின்றவர்கள், சொல்லுக்கும் பண்ணுக்கும் ஏன் வரவில்லை?

அங்கேரி நாட்டைப் பாருங்கள். சோல்தான் கோடாய் என்ற இசையறிஞர் ஊர் ஊராகச் சென்று உழவர் பாடல்களைத் திரட்டினார். குழந்தைகளின் தாய்மொழிப் பாட்டிலிருந்தே இசைக்கல்வி தொடங்கட்டும் என்றார். அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் 1950-இல் நாள்தோறும் இசை பயிற்றும் தொடக்கப்பள்ளி எழுந்தது. 1975-இல் இசையாசிரியர்களுக்காகவே அவர் பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. பல நாட்டு ஆசிரியர்கள் அங்கே சென்று பயில்கிறார்கள்.

நம்மிடம் இல்லாத செல்வமா? நாதசுரமும் தவிலும் பிறந்து வளர்ந்த மண் இது. ஆனால் அந்தக் கலையைச் சுற்றிச் சாதி வேலி போட்டார்கள். 1924-இல் திருக்குவளையில் இசைக் குடும்பத்தில் பிறந்த கலைஞர், சிறுவனாக நாதசுரம் பயிலச் சென்ற இடத்தில், மேலாடை கூடாது, துண்டு இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டைக் கண்டு வெகுண்டது நாடறிந்த செய்தி. அவர் வெறுத்தது இசையை அல்ல, இழிவை! அந்த வேலி விழ வேண்டுமானால், இசை எல்லோருக்குமான பள்ளிக்கு வரவேண்டும். வந்தால் மட்டும் போதாது, தேர்ந்த ஆசிரியரோடு வரவேண்டும்.

எனவே கேட்கிறோம், ஆட்சியில் எவர் அமர்ந்தாலும் கேட்போம். 1965-இல் தோன்றிய திருவையாறு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுதோறும் பத்து நாள், டெல்டாவின் பாட்டு வாத்தியார் அனைவரையும் அங்கே கூட்டுங்கள். அந்நாட்களுக்குச் சம்பளம் கொடுங்கள், பஸ் கட்டணமும் கொடுங்கள். குழந்தைக் குரலைக் காக்கும் முறையைப் படித்தவர்கள் சொல்லட்டும். பண்களை ஓதுவார்கள் சொல்லட்டும். தாளக் கணக்கை முதிய தவில்காரர் சொல்லட்டும். நடவுப் பாட்டை, சேற்றில் நின்று பாடிய தாய்மார்கள் வந்து சொல்லட்டும்! அவர்களுக்கும் ஆசிரியருக்குரிய இருக்கையும் மதிப்பூதியமும் கொடுங்கள்.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும்போது, கட்டடத்தையும் கழிப்பறையையும் கேட்பதோடு இதையும் கேளுங்கள்: எங்கள் பிள்ளைக்குப் பாட்டு வாத்தியார் உண்டா? அவருக்குக் கற்றுக்கொள்ள வழி உண்டா? விடை வரும்வரை கேளுங்கள். கேளாத காதுக்குப் பாட்டும் எட்டாது, பாட்டாளியின் குரலும் எட்டாது. கேட்க வைப்பது நம் கடமை!