புழக்கடைக்குப் பிளாஸ்டிக் புல் வேண்டுமா?

திருச்செங்கோட்டில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் பின்புறம் நாலு சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. பிள்ளைகள் அங்கே பூப்பந்து ஆட விரும்புகிறார்கள். "செயற்கைப் புல் விரித்துவிடலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வெட்ட வேண்டாம், காலில் சேறும் ஒட்டாது" என்கிறார் அப்பா. ஊருக்கு ஊர் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' மைதானங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை எழுவது இயல்புதான். ஆனால் இந்த யோசனை சரியானதா?

முதலில் இந்தப் புல் எப்படிப் புகழ் பெற்றது என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-ஆம் ஆண்டு 'ஆஸ்ட்ரோடோம்' என்னும் கூரையிட்ட விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஒளி புகும் கூரையின் கீழ் இயற்கைப் புல்லை வளர்த்தார்கள். அது நம் அருகம்புல்லின் இனத்தைச் சேர்ந்த பெர்முடா புல். கூரை வழியே வந்த வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்ததால், ஆட்டக்காரர்களால் மேலே எழும் பந்தைப் பார்க்க முடியவில்லை. ஆகவே கூரைக்கு வண்ணம் பூசினார்கள். வெளிச்சம் குறைந்தது, ஒளிச்சேர்க்கை நடக்கவில்லை, புல் மடிந்தது. 1966-இல் அங்கே நைலான் புல்லை விரித்தார்கள். வெயில் இல்லாத இடத்தில் விரித்த புல் அது என்பதை நினைவில் வையுங்கள். நம் ஊரிலோ வெயிலுக்குப் பஞ்சமே இல்லை!

உயிருள்ள புல் வெயிலில் நின்றாலும் ஏன் அதிகம் சுடுவதில்லை? அது வேரால் நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக வெளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2400 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே நீரை 30 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 290 கிலோஜூல் போதும். அதாவது ஆவியாகும்போது எட்டு மடங்கு வெப்பம் செலவாகிறது. வகுப்பில் நீங்கள் படித்த உள்ளுறை வெப்பம் இதுதான். பிளாஸ்டிக் இழைக்கு வேர் இல்லை, வியர்க்கத் தெரியாது. பெற்ற வெப்பத்தையெல்லாம் அது நம் பாதத்துக்கே தருகிறது. யூட்டா மாநிலத்தின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 2002-இல் அளந்து பார்த்தபோது, செயற்கைப் புல் தார்த் தரையைவிடச் சூடாக இருந்தது. ஒரு நாள் 93 டிகிரி செல்சியஸைக்கூட எட்டியது. தண்ணீர் தெளித்தால் குளிர்ந்தது. ஆனால் சில நிமிடங்களிலேயே மீண்டும் சூடேறியது. அப்படியானால், 'தண்ணீர் வேண்டாம்' என்னும் பெருமை நம் சித்திரை வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கும்?

அடுத்தது மழை. பூப்பந்துக் களத்தின் அளவு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர். அதன்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 817 லிட்டர் நீர் விழுகிறது. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். செயற்கைப் புல்லை ஜல்லித் தளத்தின்மேல் விரித்தால் நீரில் ஒரு பங்காவது மண்ணுக்குள் இறங்கும். சிமெண்ட் தளத்தின்மேல் விரித்தால் அத்தனையும் சாக்கடைக்குத்தான். திருச்செங்கோடு எதற்குப் பேர் போன ஊர்? இந்தியா முழுவதும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்கு! ஊர் ஊராகச் சென்று பூமிக்குள் நீர் தேடும் ஊர், தன் புழக்கடையில் விழும் மழையைத் தெருவுக்கு விரட்டலாமா? கட்டடங்கள் அனைத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கித் தமிழ்நாடு 2003-லேயே சட்டம் செய்தது. கூரை நீரைக் குழியில் சேர்த்துவிட்டுத் தரையைச் சிமெண்டால் மூடுவது, ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது போன்றது.

மூன்றாவது, குப்பை. இழைகள் சாயாமல் நிற்க மணலையும், பழைய டயரை அரைத்த ரப்பர்த் துகள்களையும் பல தளங்களில் தூவுகிறார்கள். அவை காலணியிலும் மழைநீரிலும் சேர்ந்து வெளியேறுகின்றன. இவ்வகைத் துகள்களின் விற்பனையை 2031 அக்டோபர் முதல் தடுக்கும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்தது. இழைகளும் புறஊதாக் கதிர் பட்டுப் பட்டு நாளடைவில் நொறுங்குகின்றன.

செயற்கைப் புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1976-இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. இந்தியா ஏழாம் இடத்துக்கு இறங்கியது. பெரிய போட்டிகளில் ஆட விரும்புகிறவர் அத்தரையில் பழகித்தான் ஆக வேண்டும். சென்னை எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் அத்தரை இருப்பது நியாயமே. 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகள் அங்கேதான் நடந்தன. நாள் முழுவதும் நூறு பேர் ஆடும் இடத்தின் தேவை வேறு. மாலையில் நாலு பேர் ஆடும் புழக்கடையின் தேவை வேறு.

பிறகு என்னதான் செய்வது? மண்தரையே போதும் என்பது என் கருத்து. மண்ணில் ஆடுவது ஒன்றும் மட்டமல்ல. பாரிஸில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன் டென்னிஸ் போட்டிக்கே செங்கல் பொடி தூவிய தரைதான்! கல் பொறுக்கி, செம்மண் பரப்பி, நீர் தெளித்து, உருளையால் அழுத்துங்கள். அழுத்திய மண்ணில் நீர் மெதுவாகவே இறங்கும். ஆகவே நூறு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கொடுத்து, ஓரத்தில் ஜல்லி நிரப்பிய குழி ஒன்று வெட்டுங்கள். மேற்கே ஒரு வேம்பு நட்டால், அது வளர்ந்து மாலை ஆட்டத்துக்கு நிழல் தரும். புழுதி எழுமே என்பீர்கள். உண்மைதான். ஆடும் முன் ஒரு வாளி நீர் தெளித்தால் அடங்கிவிடும்.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். கடையில் ஓர் அடி செயற்கைப் புல் வாங்குங்கள். அதையும், ஈர மண்ணையும், ஒரு சிமெண்ட் பலகையையும் நண்பகல் வெயிலில் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து குறியுங்கள். அந்தத் தாளை அப்பாவிடம் காட்டுங்கள். புழக்கடைக்கு எந்தத் தரை என்பதை அதன் பிறகு வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்யலாம்.