தொப்புளுக்குக் கீழேயும் பெயர் உண்டு

பெங்களூர் நீலசந்திராவில் ரோஸ் கார்டன் பக்கத்துச் சந்துகளில் வெயில் ஏறியபின் நடந்தால், ஏதாவது ஒரு வாசற்படியில் ஓர் ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, பேத்தியைக் கால்மேல் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பார். முதுகை நீவிவிட்டு மல்லாத்துவார். இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே மடக்கி விரிப்பார். வலக்கையையும் இடக்காலையும் சேர்த்து மெல்ல இழுத்துவிடுவார். கை போகிற இடத்துக்கெல்லாம் வாயும் கூடவே போகும். “இது யார் கை? என் தங்கத்தோட கை. இந்தத் தொடை எதுக்கு? ஓடறதுக்கு.” உடலுறுப்புகளின் பெயரைச் சொல்லித்தர இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது.

அந்த வயதில் என்ன புரியும் என்று கேட்பவர்கள் உண்டு. புரிகிறது. 2012-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் எலிகா பெர்கல்சனும் டேனியல் ஸ்விங்லியும் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் படங்களைக் காட்டி, பெற்றவரை ஒரு பெயர் சொல்ல வைத்தார்கள். அந்தப் பொருள் இருந்த பக்கம் குழந்தையின் பார்வை கூடுதலாகப் போனது. அவர்கள் எடுத்துக்கொண்ட பெயர்கள் சாப்பாட்டுப் பொருள்களும் உடலுறுப்புகளும்தான். பேச்சு வருவதற்கு முன்பே காலும் மூக்கும் மனத்தில் பதியத் தொடங்கிவிடுகின்றன.

கையையும் காலையும் குழந்தை தானே பார்த்துக்கொள்ளும். மூக்கையும் காதையும் பார்க்க முடியாது. அதனால் முதலில் ஆயாவின் மூக்கு. மூக்குத்தி மின்னுவதால் கை தானாக அங்கே போகும். பிறகு அம்மா மூக்கு, பொம்மை மூக்கு, கடைசியில் தன் மூக்கு. ஒன்றரை வயதுக்குமேல் கண்ணாடிமுன் நிறுத்தி, மூக்கு நுனியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு வைத்துப் பாருங்கள். கண்ணாடியில் தெரியும் பாப்பாவைத் தொடப் போகிறதா, தன் மூக்கையே தொடுகிறதா? உளவியலாளர் பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972-இல் மூக்கில் சிவப்பு வண்ணம் தடவிப் பார்த்த சோதனையும் இதுதான். அதே பொட்டை முழங்காலில், முழங்கையில், தாடையில் மாற்றி மாற்றி வைத்துத் தேடச் சொன்னால் பிள்ளை அலுக்காமல் விளையாடும். வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க, முடிந்ததும் பொட்டை மறக்காமல் வாங்கிவிடுங்கள்.

இரண்டு வயதில் தப்பாகச் செய்து காட்ட வேண்டும். சாக்ஸைக் காதில் மாட்டினால் பிள்ளை உருண்டு சிரித்துவிட்டு, நமக்குத் திருத்தம் சொல்லும். நாம் ‘மூக்கு’ என்போம், மாடிவீட்டு ஆன்ட்டி கன்னடத்தில் ‘மூகு’ என்பார், எதிர்வீட்டு நானி ‘நாக்’ என்பார். பிள்ளை மூன்றுக்கும் ஒரே இடத்தைத்தான் காட்டும். குழம்பிவிடும் என்று யாரையும் தடுக்காதீர்கள்.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. இத்தனை விளையாட்டிலும் பெயர்கள் தொப்புளோடு நின்று, தொடையில்தான் மறுபடி தொடங்குகின்றன. ஆயாவின் கை நடுவிலும் கழுவிவிடுகிறது. வாய் மட்டும் மூடிக்கொள்கிறது. பிள்ளை தானே அங்கே தொட்டால் “ச்சீ, ஷேம் ஷேம்” என்று கையைத் தட்டிவிடுகிறோம். அந்த இடம் கெட்டது, அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அப்போதே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். பிறகு அங்கே எரிந்தாலும் வலித்தாலும் பிள்ளை வயிற்றைத்தான் காட்டும். யாராவது தொடக்கூடாத விதத்தில் தொட்டால், அதைச் சொல்ல அதனிடம் சொல்லே இருக்காது.

இதே பெங்களூரில் சங்கீதா சக்சேனா, ஷைப்யா சல்தானா என்ற இரண்டு மகப்பேறு மருத்துவர்கள் 2001-இல் ‘என்ஃபோல்ட்’ அமைப்பைத் தொடங்கினார்கள். உடலைப் பற்றி வெட்கமில்லாமல் பேசவும், தன்னைக் காத்துக்கொள்ளவும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்ததே அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 2012-இல்தான். சட்டம் வந்துவிட்டது, சரி. வீட்டில் அந்தச் சொல் வந்ததா?

ஆண்குறி, பெண்குறி என்று சொல்ல நா கூசுகிறது என்பார்கள் தாய்மார்கள். நாம் கூசுவதால்தான் பிள்ளை கூசுகிறது. மூக்கு என்று சொல்லும் அதே குரலில் சொன்னால், அதுவும் மூக்கைப் போலவே கேட்டுக்கொள்ளும். எண்ணெய் தேய்க்கும்போதே ஆரம்பிக்கலாம். முதலில் சொல்லவே வரவில்லையென்றால், ‘உச்சா போற இடம்’ என்றாவது வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்கள். அங்கே கழுவிவிட யாருக்கு அனுமதி, அம்மா பக்கத்தில் இருக்கும்போது டாக்டர் ஏன் பார்க்கலாம் என்பதையும் அந்த வேளையிலேயே சொல்லிவிடலாம்.

கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, அக்குள் வரை விரல்களை ஊரவிட்டுக் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டு எல்லா வீட்டிலும் உண்டு. பிள்ளை சிரித்துக்கொண்டே “வேணாம்” என்றாலும் அந்த நிமிடமே விரலை எடுத்துவிடுங்கள். தன் உடம்புமேல் தன் பேச்சு செல்லும் என்று அது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது சொந்த வீட்டில்தான். மூன்று வயதில் அங்கன்வாடியில் விடும்போது, வீட்டில் பழகிய அந்தச் சொல் எது என்று டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.