குறுக்கு வழி விரைவான வழியாகுமா?

பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் 1953-ஆம் ஆண்டில் தோன்றியது. ஏறக்குறைய அதே காலத்தில், அமெரிக்காவில் பாரெட் என்னும் கம்பெனி, ஓட்டுநரின்றி ஒரு கம்பியைத் தொடர்ந்து சென்று சுமை இழுக்கும் வண்டியை உருவாக்கியது. வழி தேடும் வேலை அவ்வண்டிக்கு இல்லை. கம்பி சென்ற வழியே அதன் வழி. இன்றைய வண்டிகள் பல அவ்வாறல்ல. லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளந்து, தளப்படத்தோடு ஒப்பிட்டுத் தாம் நிற்கும் இடத்தை அறிகின்றன. செல்லும் வழியைக் கணிப்பொறி தேர்ந்து கொடுக்கிறது.

இத்தேர்வுக்கு அடிப்படையான முறைகளுள் ஒன்று, டச்சு விஞ்ஞானி டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டது. சந்திப்புகளைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் கொண்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செலவெண் குறித்துவிட்டால், மொத்தச் செலவு மிகக் குறைந்த வழியை அம்முறை பிசகின்றிக் காட்டும். ஆனால், அவ்வெண் எதைக் குறிக்க வேண்டுமென்று கணிதம் சொல்வதில்லை. தூரத்தை மட்டும் எழுதி அமைந்துவிட்டால் பிழை அங்கேயே தொடங்குகிறது.

ஆசிரியர்கள் இதை வகுப்பிலேயே கணக்காகப் போட்டுக் காட்டலாம். கிடங்கிலிருந்து கடைசல் யந்திரங்களுக்கு இரு வழிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று 60 மீட்டர், ஒடுக்கமானது. மற்றது 120 மீட்டர், அகன்றது. ஐ.எஸ்.ஓ. 3691-4 என்னும் சர்வதேசப் பாதுகாப்பு விதி, வண்டியின் இரு பக்கமும் ஆள் ஒதுங்க அரை மீட்டர் இடம் கேட்கிறது. அவ்விடம் இல்லாத பகுதி ஆபத்துப் பகுதி. அங்கே வண்டி ஊர்ந்தே செல்ல வேண்டும். வினாடிக்கு 30 சென்டிமீட்டர் வீதம் ஊர்ந்தால் 60 மீட்டருக்கு 200 வினாடிகள். அகன்ற வழியில் வினாடிக்கு 1 மீட்டர் வீதம் சென்றால் 120 வினாடிகளே. இரட்டைத் தூரம், எனினும் முந்துவது அதுவே. ஒடுக்கமான வழியில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்து நின்றுவிட்டால் கணக்கு இன்னும் மோசமாகும். ஒருவழிப்பாதை விதிப்பது அதற்கு ஒரு பரிகாரம்.

1970-களில் வளரத் தொடங்கிய பீனியா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளை எண்ணும்போது இக்கருத்து வலுப்பெறும். வார்ப்புகள் அடுக்கிய இடம் காலையில் பாதை, மாலையில் கிடங்கு. மாதக் கடைசியில் லாரிக்குக் காத்திருக்கும் பெட்டிகள் வாயிலை மறிக்கும். ஷிப்ட் மாறும் வேளையில் பாதை முழுவதும் மனிதர்கள். தளப்படம் இவற்றை அறியாது. கைவண்டி தள்ளும் தொழிலாளி நன்கறிவான். அவனுடைய வேலையைப் பறிக்கவே புதுவண்டி வருகிறதென்ற அச்சம் பொய்யென்று சொல்லிவிட முடியாது. அவனை விலக்கிவிட்டு வழி வகுப்பதோ அநியாயம் மட்டுமன்று, அவிவேகமும் ஆகும். பாதைகளை வேளைவாரியாகக் குறித்துக் கொடுக்கவும், பின்னர் வண்டிகளை மேற்பார்வையிடவும் அவனையே பழக்குவது தகும்.

1962-இல் பெங்களூரில் நிறுவப்பட்டு, இன்று மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் என வழங்கும் ஸ்தாபனத்தில் நவீன உற்பத்தி முறைகளைச் செய்து காட்டும் பிரிவு உள்ளது. இத்தகைய இடங்களில் துடைத்த தரையில் மட்டுமன்றி, பெட்டிகள் இறைந்த ஒடுக்கமான பாதையிலும் வண்டியை ஓட்டிக் காட்டினால் சிறு முதலாளிகள் உண்மை நிலையை அறிவார்கள். வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு வார காலம், மூன்று ஷிப்டிலும், ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் பட்டறையில் நடந்து, எந்தப் பாதை எப்பொழுது அடைபடுகிறதென்று குறித்து வரலாம். நோட்டின் விலை வண்டியின் விலையில் சேராது.