பன்னிரண்டு வயதுக்குள் ஒரு மாய நாவல்

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை தமிழ்தான் பிள்ளையின் படிப்பு மொழி. இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றுக்குப் போனதும் அது ஒற்றைப் பாடமாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வகுப்பும் பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் நடக்கும். 1996 கல்விச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே, மூன்றாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான காலம் மிக முக்கியமானது. அதற்குள் ஒரு பிள்ளை யாரும் சொல்லாமல், தன் ஆசைக்காகவே ஒரு நீண்ட தமிழ்க் கதையைப் படித்து முடித்திருக்க வேண்டும். முடித்த பிள்ளை பின்னாளில் தமிழ்ப் புத்தகத்தைத் தேடி வரும். முடிக்காத பிள்ளைக்குத் தமிழ் என்றால் தேர்வுத்தாள்தான்.

அந்த வயதில் இருநூறு பக்கத்தை விடாமல் படிக்கவைக்கும் வல்லமை மாயக் கதைக்கே அதிகம். புது உலகம், புது விதி, அடுத்து என்ன ஆகுமோ என்ற தவிப்பு எல்லாம் அதில் இருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்குப் பிள்ளைகளுக்கு இந்தச் சுவை தெரியாததல்ல. 2009இல் தொடங்கிய ‘பிக் பேட் வுல்ஃப்’ மலிவு விற்பனையில் ஹாரி பாட்டரையும் பெர்சி ஜாக்சனையும் அள்ளி வந்த வீடுகள் நம்மிடையே ஏராளம். அதில் எனக்கு வருத்தம் இல்லை. வியப்பு எல்லாம் ஆங்கிலத்தில் கிடைக்க, அறிவுரை மட்டும் தமிழில் கிடைக்கிறதே, அதுதான் வருத்தம்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தமிழ்ப் புத்தகம் விற்கும் கடைகளில் பிள்ளைகளுக்கான அடுக்கைப் பாருங்கள். பயிற்சி நூல்கள், கட்டுரைத் தொகுப்புகள், அவற்றுக்குப் பிறகு நீதிக் கதைகள். பள்ளிகளின் ‘நீலாம்’ வாசிப்புத் திட்டமும் இதற்கு ஒரு காரணம். எத்தனை நூல் படித்தாய் என்பது பதிவாகிறது. கதையின் படிப்பினை என்ன என்றும் எழுத வேண்டியிருக்கிறது. பதினாறு பக்க நூலும் ஒன்று, இருநூறு பக்க நாவலும் ஒன்று என்றால் பிள்ளை எதை எடுக்கும்? படிப்பினையை ஒரே வரியில் எழுத முடியாத கதையை ஆசிரியரும் தயங்கித்தான் கொடுப்பார்.

பரிந்துரைக்கத் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது நம் நாட்டு நூலைத்தான். கெடாவைச் சேர்ந்த ஆசிரியரும் எழுத்தாளருமான கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’, ‘மோகினி மலையின் இரகசியம்’ என்று சிறுவர்களுக்காகவே மர்ம நாவல்களை எழுதியிருக்கிறார். தலைப்பைக் கேட்டதுமே பத்து வயதுப் பையன் கை நீட்டுவான். தமிழ்நாட்டு நூல்களில், தமிழில் மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு விழியனின் ‘பென்சில்களின் அட்டகாசம்’ நல்ல தொடக்கம். அது முடிந்ததும் அவருடைய ‘மாகடிகாரம்’. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியின் பழங்காலத்துச் சிறுவனை இன்றைய பையனோடு சேர்த்துவைக்கிறது. அது 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது.

எஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பேசும் பொம்மை ஒன்று சிறுமிக்குத் துணையாகி, தவறாகத் தொடுபவர்களைப் பற்றி வாய்விட்டுச் சொல்லும் துணிச்சலைக் கொடுக்கிறது. வகுப்பில் நேராகச் சொன்னால் கூசிப்போகும் செய்தியை அந்தப் பொம்மையின் வாயால் பிள்ளை பயமின்றிக் கேட்கும். மாயக் கதை உண்மையை மறக்கடிக்கும் என்று சொல்பவர்கள் இந்த நூலை ஒருமுறை படிக்கட்டும். ஆறாம் ஆண்டுப் பிள்ளை, அதுவும் நன்றாகப் படிக்கக்கூடியது என்றால், ஜெயமோகனின் ‘பனிமனிதன்’. ராணுவ அதிகாரியும் மருத்துவரும் கிம் என்ற சிறுவனும் இமயமலையில் பனிமனிதனைத் தேடிப் போகும் அந்தக் கதை பிள்ளையை ஒரு நாளும் குழந்தையாக நடத்துவதில்லை. ஹாரி பாட்டரும் தமிழில் வந்திருக்கிறது. அதை ஆங்கிலம் இன்னும் கைவராத பிள்ளைக்குக் கொடுங்கள். ஆங்கிலத்தில் முடித்துவிட்ட பிள்ளையிடம் தமிழிலும் படி என்று திணித்தால் அது தண்டனையாகிவிடும்.

பேய், மாயம் எல்லாம் எதற்கு, பிள்ளை பயந்துகொள்ளாதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். தோட்டத்து லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டிகள், இருட்டியபின் குதிரையில் காவல் சுற்றும் முனீஸ்வரரின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம். பயமும் இருந்தது, காவல் இருக்கிறது என்ற தைரியமும் அதே கதையில் இருந்தது. தோட்டங்கள் குடியிருப்புத் தாமான்களாகிவிட்டன, அந்தக் கதைகளைச் சொல்ல ஆளில்லை. இதே நாட்டு எழுத்தாளர் ஹன்னா அல்காஃப், மலாய் நம்பிக்கையில் வரும் பெலெசிட் என்ற ஆவியை ஒரு சிறுமி தன் பாட்டியிடமிருந்து பெறுவதாக வைத்து ‘தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்’ என்ற சிறுவர் நாவலை 2020இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெலெசிட் உலக வாசகரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் முனீஸ்வரர், மதுரை வீரன் இருவரையும் வைத்துப் பத்து வயதுப் பிள்ளை படிக்கும் தமிழ் நாவல் ஒன்று இங்கிருந்து வர வேண்டாமா?

இன்னும் பழைய புதையலும் உண்டு. மணிமேகலை வான்வழியே பறந்து போய் ஆபுத்திரனைச் சந்திப்பது சாவக நாட்டில். அள்ளக் குறையாத அமுதசுரபி, முற்பிறப்பைக் காட்டும் பீடிகை, கடல் காக்கும் தெய்வம் என்று அந்தக் காப்பியத்தில் இல்லாத மாயம் எது? சாவகம் நமக்கு அக்கம்பக்கத்து மண். கோலாலம்பூர்ப் பிள்ளையை அந்தக் கதைக்குள் நேராக அழைத்துப் போகலாம். எழுத்தாளர்கள்தாம் மனம் வைக்க வேண்டும்.

அவர்கள் மனம் வைக்க வாசகர் கூட்டம் வேண்டும். இங்கே பெரும்பாலும் எழுத்தாளர் தம் கைக்காசில் அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் பிரமுகர்கள் வாங்கும் படிகளைக் கொண்டு செலவை ஈடுகட்டுகிறார். அந்த மண்டபத்தில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு இடமில்லை. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் வள மையத்துக்கு முப்பது தலைப்புகளில் ஒவ்வொரு படி வாங்குவதற்குப் பதில், ஒரே நாவலில் முப்பது படி வாங்கிப் பார்க்கட்டும். ஆசிரியர் வாரத்தில் இரண்டு நாள் ஒரு அத்தியாயத்தை உரக்கப் படித்து, பரபரப்பான இடத்தில் நிறுத்திவிடட்டும். மீதியை வீட்டில் பிள்ளையே படித்துக்கொள்ளும். படிப்பினை எழுதச் சொல்ல வேண்டாம். கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் கோலாலம்பூரிலுமாக இருபது பள்ளிகள் இப்படிச் செய்தால் அறுநூறு படிகள் விற்கும். விழா மண்டபத்தை நம்பாமலே அடுத்த நாவலை அச்சுக்குக் கொடுக்க எழுத்தாளருக்கு அது போதும்.