டாங்கிக்குக் கிடைக்கும் பெட்ரோல், புட்டிக்குக் கிடைக்காது: கேமரன் மலையில் ஒரு சின்ன அடுப்பின் கேள்வி

விடுமுறை வந்தால் தாப்பா வழியாகவும் சிம்பாங் பூலாய் வழியாகவும் கேமரன் மலை ஏறும் மோட்டார் சைக்கிள்களின் வரிசை நீள்கிறது. அவற்றில் நம் இளைஞர்களும் உண்டு. பின்னிருக்கையில் கூடாரம், படுக்கைப் பை, மெகி மீ, தேநீர்த் தூள், கூடவே உள்ளங்கை அளவில் ஓர் அடுப்பு. எல்லாம் இருக்கிறது, அடுப்புக்கு எரிபொருள்தான் இல்லை. எண்ணெய் நிலையத்தில் புட்டியை நீட்டினால் முடியாது என்று பதில் வருகிறது. வண்டிக்கு மட்டும் தாராளமாக ஊற்றலாம்.

இது முகாம் போடுகிறவர்களின் பிரச்சினை மட்டும் என்று ஒதுக்கிவிட முடியாது. புல் வெட்டும் இயந்திரத்தையும் மருந்து தெளிக்கும் கருவியையும் நம்பிப் பிழைப்பவர்களும் இதே கதவின் முன்தான் நிற்கிறார்கள்.

நாட்டின் எரிபொருள் மானியம் இரண்டு இடங்களைத்தான் முக்கியமாகக் கணக்கில் வைத்திருக்கிறது. ஒன்று வாகனத்தின் டாங்கி, மற்றொன்று வீட்டுச் சமையலறை. 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டம் மலேசியர் அனைவருக்கும் விரிவானது. வாகனமோட்டும் உரிமம் உள்ள குடிமக்கள் மைகார்டைக் காட்டி ரோன்95 பெட்ரோலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 99 சென்னுக்கு வாங்கலாம். தொடக்கத்தில் மாத வரம்பு 300 லிட்டர். மானியம் இல்லாத விலை அப்போது 2 ரிங்கிட் 60 சென். சமையலறைக்கு வரும் எரிவாயு கிலோ 1 ரிங்கிட் 90 சென், 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென்.

கேனும் புட்டியும் இந்த இரண்டிலும் சேராது. மானிய பெட்ரோலைக் கேனில் வாங்க அமைச்சின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. மீறினால் 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாயும். தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். எல்லை தாண்டும் கடத்தலையும் பதுக்கலையும் தடுக்கவே இந்தக் கடுமை. அதில் நியாயம் உண்டு. ஆனால் ஆயிரம் லிட்டர் கடத்துபவருக்கு விரித்த வலையில் அரை லிட்டர் கேட்பவரும் மாட்டுகிறார்.

முகாம் போடுகிறவருக்கு மாற்று வழி இருக்கிறது. பிரிஞ்சாங்கில் ஸ்டீம்போட் கடைகள் நிறைய. அந்த மேசை அடுப்பில் பொருத்தும் பியூட்டேன் டின்கள் நகரங்களின் மளிகைக் கடையிலும் பேரங்காடியிலும் கிடைக்கும். அந்த அடுப்பையே கொண்டுபோனால் எரிபொருள் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. திருகிப் பொருத்தும் மலையேற்ற வாயுக் குடுவையோ வெளிப்புறப் பொருள்கள் விற்கும் கடையில்தான் கிடைக்கும். அதைக் கோலாலம்பூரிலோ ஈப்போவிலோ வாங்கிக்கொண்டு கிளம்புவது நல்லது. சபா, சரவாக்கிலிருந்து விமானத்தில் வருகிறவர்கள் எந்த வாயு டின்னையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது. தரையிறங்கிய பிறகுதான் வாங்க வேண்டும்.

மலையில் வாயு டின்னுக்கு ஒரு குணம் உண்டு. பியூட்டேன் கொதிப்பது சுமார் மைனஸ் அரை டிகிரியில். கேமரன் மலையின் இரவுக் குளிர் அந்த அளவுக்கு இறங்காது. ஆனால் வாயு வெளியேற வெளியேற டின் தானாகவே குளிர்ந்து, அழுத்தம் குறைந்து, தீ சிறுத்துவிடும். அப்போது டின்னைத் தீயில் காட்டிச் சூடாக்குவது உயிருக்கு உலை வைக்கும் வேலை. இரண்டு டின் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும். டின்னின் மேல் நிழல் விழும் அளவுக்குப் பெரிய சட்டியை வைப்பதும், இரண்டு அடுப்புகளை ஒட்டி வைப்பதும் கூடாது. அடுப்பின் வெப்பம் டின்னைத் தாக்கும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு வேகக் கூடுதல் நேரம் ஆகும், வாயுவும் கூடுதலாகச் செலவாகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து விலையிலிருந்து பிறக்கிறது. கால் கிலோ வாயு, வீட்டுத் தோம்பின் விலைக் கணக்கில் 48 சென்கூட இல்லை. கடையில் வாங்கும் டின்னுக்கோ சில ரிங்கிட் கொடுக்க வேண்டும். அதனால்தான் தோம்பிலிருந்து டின்னுக்கு வாயு மாற்றும் குழாய்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. தோம்பில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. நம் ஊர் வெப்பத்தில் புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒருமுறை பயன்படுத்தி எறிவதற்காகச் செய்த மெல்லிய டின் அதைத் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில ரிங்கிட்டைச் சேமிக்கப் போய்க் கையையும் முகத்தையும் இழக்க நேரிடலாம்.

பெட்ரோலில் எரியும் அடுப்பு வைத்திருப்பவர்கள் வண்டியின் டாங்கியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுண்டு. பழைய கார்பரேட்டர் வண்டிகளில் குழாயைக் கழற்றி எடுத்தார்கள். புதிய வண்டிகளில் பெட்ரோலைப் பம்ப் அழுத்தி அனுப்புவதால் அது எளிதல்ல. சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் பெட்ரோல் ஆவி பரவினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எந்த அடுப்பானாலும் குளிருக்குப் பயந்து கூடாரத்துக்குள் பற்றவைக்கவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு, தூங்குகிறவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

சுற்றுலா வருகிறவர் டின் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் புல் வெட்டுகிறவரின் இயந்திரம் பியூட்டேனில் ஓடாது. காய்கறித் தோட்டத்துத் தெளிப்பானை எண்ணெய் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. அவருக்குக் கேன் வேண்டும், கேனுக்குக் கடிதம் வேண்டும். மனு செய்யத் தெரிந்தவருக்கு அது ஒரு நாள் வேலை. மலாய் பாரத்தை நிரப்பத் தயங்கும் வயதானவருக்கு அது பெரிய மலையேற்றம்.

இலங்கை மலையகத் தோட்ட மக்கள் இதைவிடக் கொடிய காலத்தைப் பார்த்தவர்கள். 2022 நெருக்கடியில் அங்கும் கேன்களில் எரிபொருள் விற்பது தடுக்கப்பட்டது. கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர்தான். அந்த ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. மண்ணெண்ணெயை நம்பியிருந்த தோட்டக் குடும்பங்களும் மீனவர்களும் அந்த அடியை நேராக வாங்கினார்கள். கார் வைத்திருப்பவரை மனத்தில் வைத்துத் திட்டம் போட்டால், கார் இல்லாதவரின் அடுப்பு கணக்கில் வராது என்பதை அது காட்டியது.

நம் நாட்டில் விதி மாறவே மாறாது என்றும் இல்லை. 42 கிலோவுக்கு மேல், அதாவது 14 கிலோ தோம்பு மூன்றுக்கு மேல், மானிய எரிவாயு வைத்திருக்கும் வணிகர்களுக்கு அனுமதி தேவை என்ற விதி 2021-இல் வந்தது. 2025 மே மாதம் ஓப்ஸ் காசாக் சோதனை தொடங்கியதும் சிறு உணவுக் கடைக்காரர்கள் குரல் எழுப்பினார்கள். அடுத்த மாதமே, சிறு வணிகர்களுக்காக விதியைத் திருத்த அரசாங்கம் முன்வந்தது.

கேன் விஷயத்திலும் அது முடியும். மாதம் சில லிட்டர் மட்டும் தேவைப்படும் கைக்கருவிக்காரர்களுக்கு, மைகார்டோடு இணைத்த ஒரு சிறு அளவை ஒதுக்கலாம். பூடி95 கணினியில்தான் ஒவ்வொரு லிட்டரும் பதிவாகிறதே! தரமான, மூடி இறுகிய கேனுக்கு மட்டும் என்று நிபந்தனை போட்டால் பாதுகாப்பும் கெடாது. அதுவரை கைக்கருவியை நம்பிப் பிழைப்பவர்கள் அமைச்சின் அமலாக்கப் பிரிவில் அனுமதிக்கு எழுதிக் கேட்பதே சரியான வழி. தோட்டத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பெரியவர்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தால், கேன் இல்லாமல் நிற்கும் பல இயந்திரங்கள் மறுபடி ஓடும்.